துண்டுக்குத் தெரியாது

சேலையூர் கேம்ப் ரோட்டில் அப்போது ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. மாடியில் டியூஷன், கீழே ஸ்கேன். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அந்த சென்டரில் பெண்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஓர் அம்மா இருந்தார். பெயர் தெரியாது. எல்லோரும் ஆயாம்மா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை 'தெரியாது'.

"டாக்டரம்மா எப்ப வருவாங்க?"

"தெரியாது. வந்தாங்கன்னா தெரியும்."

"ரிப்போர்ட்டு இன்னிக்கே கெடைக்குமா?"

"குட்த்தாங்கன்னா இன்னிக்கி."

வெளியே வானம் கறுத்திருக்கும். யாராவது, "மழ வருமா ஆயாம்மா? துணி காயப்போட்டுட்டு வந்துட்டேன்" என்பார்கள்.

"என்னியா கேக்கற? மேல பாத்து கேளு."

சிடுசிடுப்பு கிடையாது. அவருக்குத் தெரியாததை அவர் சொல்ல மாட்டார். அவ்வளவுதான்.

ஒருநாள் ஓர் ஆள் வாசலில் அவரை மடக்கினான். பொண்டாட்டி மாசமாக இருந்தாள். ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்று சுவரில் போர்டு மாட்டியிருக்கும். அவன் போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வாயால சொல்ல வேணாம் ஆயாம்மா. நீங்க உள்ளதான நிக்கறீங்க. சும்மா கண்ணக் காட்டுங்க, நான் புரிஞ்சிக்கறேன்."

"நான் உள்ள நிக்கறது துண்டு புடிக்க. பத்து மாசம் ஆச்சின்னா அதுவே வந்து சொல்லும். போயா."

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒன்பது மாடி. லிஃப்ட் வாசலில் மாப் போடும்போது வலதுபக்க அடிவயிற்றில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதம் நாலு நாளில் நின்றுபோக வேண்டிய தீட்டு பன்னிரண்டு நாள் போனது. கிளினிக்கில் லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

எங்கள் பெரியம்மா மகள் ஒரு அக்கா. அவருக்கும் அடிவயிற்றில் கட்டிதான். "நீர்க்கட்டி, எல்லாப் பொம்பளைக்கும் வர்றது, ஒண்ணும் இருக்காது" என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். வயிறு உப்பிக்கொண்டு வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஏழு மாதம்தான் இருந்தார். அதனால் எனக்கு யாராவது 'ஒண்ணும் இருக்காது' என்று சொன்னால் உள்ளே குளிர்ந்துவிடும்.

சொல்லாத ஆள் இல்லை. வீட்டுக்காரர் சொன்னார். சூப்பர்வைசர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்க வந்தவள் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கேன் சென்டரில் முதல் நாள் ஆயாம்மாவிடம் நானே கேட்டேன். "ஒண்ணும் இருக்காதுல்ல ஆயாம்மா?"

"எனக்கு எப்டி தெரியும்? நான் இன்னா உள்ள பூந்தா பாத்தேன்?" என்று டம்ளரை நீட்டினார். "குடி."

எனக்குக் கோபம் வரவில்லை. இவரிடம் உட்காரலாம் என்று தோன்றியது.

அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் கர்ப்பப்பையும் பக்கத்தில் இருப்பதும் மிஷினில் தெரியும். அதற்கு ஆயாம்மா ஒரு கணக்கு வைத்திருந்தார். பெரிய எவர்சில்வர் டம்ளரில் நாலு. முதலில் இரண்டு, கால் மணி நேரம் விட்டு இரண்டு. டம்ளரை அவரே கழுவுவார், அவரே ஊற்றுவார். குடித்து முடிக்கும்வரை முன்னால் நிற்பார். அப்புறம் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார். பாதத்தை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தால், "நீ ரெடி, வா."

ஒருத்தி அடக்க முடியாமல் பாத்ரூமுக்குப் போய்விட்டு, போகாத மாதிரி வந்து உட்கார்ந்தாள். ஆயாம்மா அவள் காலைப் பார்த்தார்.

"இன்னாமே, காலு இம்மாம் நிம்மதியா கீது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊத்துனது மொத்தமும் பூட்ச்சா? மொதல்லேர்ந்து குடி."

எங்களுக்கு அதுவும் ஒரு உபகாரம்தான். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு பயம் பாதி மறந்துபோகும். நாலு டம்ளரும் ஒரு வேலை. ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். வேறெதையும் நினைக்க வேண்டாம்.

உள்ளே ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா பேச மாட்டார். வயது கம்மி. டிவியைப் பார்த்தபடி வயிற்றின் மேல் மிஷினை உருட்டுவார். டக் டக் என்று ஒரு சத்தம் வரும். அளக்கிறார் என்று அர்த்தம். அதிகமாகச் சத்தம் வந்தால் அதிகமாக அளக்கிறார். அன்று முடிந்ததும் ஆயாம்மா வந்து ஒரு டிஷ்யூவைக் கையில் கொடுத்தார். வயிற்றில் கிடந்த பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

கட்டி ஐந்து சென்டிமீட்டர் என்றார் லேடி டாக்டர். பெரும்பாலும் தானே கரையும். மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன்.

மூன்று மாதம் நான் வேலைக்குப் போனேன். வந்தேன். சமைத்தேன். ராத்திரி படுக்கும்போது வலதுபக்கம் கையை வைத்துப் பார்ப்பேன். பெரிதான மாதிரி இருக்கும். காலையில் சின்னதான மாதிரி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை.

இரண்டாவது தடவை பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு மஞ்சள் புடவைக்காரி. அஸ்தினாபுரம்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அவளுக்கு அது மூன்றாவது ஸ்கேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரிப்போர்ட்டுக்கெல்லாம் காத்துகினு இருக்க வேணாம்க்கா. ஸ்கேன் முடிஞ்சதும் ஆயாம்மா இன்னா பண்றாங்கன்னு பாருங்க."

"என்ன பண்ணுவாங்க?"

"டிஷ்யூவ உங்க கையில குட்த்தா ஒண்ணுமில்ல. தோள்ல போட்டுகினு கீறாங்களே துண்டு, அத்தால அவுங்களே தொடச்சி வுட்டா..." நிறுத்திவிட்டாள்.

"வுட்டா?"

"டாக்டரு டிவில காட்டறத அவுங்களும் பாக்கறாங்கல்ல. வாயத் தொறக்க மாட்டாங்க. பாவமா இருந்தா தொடச்சி வுடுவாங்க. எங்க ஓரகத்திய தொடச்சாங்க. அப்பறம் ஆப்பரேஷன்தான்."

எதிர் பெஞ்சில் இருந்த பெண்ணும் தலையாட்டினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. முதல் தடவை எனக்கு டிஷ்யூ கொடுத்தார் என்று யோசித்துக்கொண்டேன். நல்லதுதான்.

மஞ்சள் புடவைக்காரி உள்ளே போனாள். வெளியே வரும்போது டிஷ்யூவைக் கசக்கிக் கையில் வைத்திருந்தாள். எனக்குக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள்.

என் முறை. பசை சில்லென்றது. டக். டக். டக். நான் எண்ணவில்லை. நிறைய. டாக்டரம்மா ஒரு இடத்திலேயே மிஷினை வைத்து அழுத்தினார். "மூச்ச இழுத்துப் புடிங்க." பிடித்தேன். "விடுங்க." மறுபடியும் அதே இடம். ஆயாம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். அவர் டிவியைப் பார்க்கவே இல்லை என்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை.

முடிந்தது. லைட் போட்டார்கள். ஆயாம்மா வந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். வயிற்றைத் துடைத்தார். இரண்டு தடவை, மேலிருந்து கீழே. புடவைக் கொசுவத்தை அவரே இழுத்துச் செருகிவிட்டார்.

"எயுந்திரு. மெல்ல."

பெஞ்சைத் தாண்டி வந்தபோது எதிர் பெஞ்சுப் பெண் என் கையைத்தான் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. அவள் சட்டென்று வேறுபக்கம் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து கவர் கொடுத்தார்கள். ஒட்டியிருந்தது. லேடி டாக்டர் ஊரில் இல்லை, சனிக்கிழமைதான் வருவார். அன்று செவ்வாய்.

வீட்டில் பெண் கவரைப் பிரிக்கப் பார்த்தாள். "நான் படிச்சிச் சொல்றேம்மா. புரியலைன்னா போன்ல போட்டுப் பாக்கலாம்."

"வேணாம். வை."

ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். எனக்கு எதற்குப் பிரிக்க வேண்டும்? எனக்குப் பதில் வந்துவிட்டது. துண்டு சொல்லிவிட்டது.

புதன்கிழமை ஒன்பது மாடியும் துடைத்தேன். வியாழக்கிழமையும் துடைத்தேன். கை வேலை செய்தது. மனதுக்குள் வேறு ஓடியது. பெண்ணுக்கு சாம்பார் வைக்கத் தெரியும், ரசம் தெரியாது. சொல்லிக்கொடுத்தேன். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார். "தெரிஞ்சி வெச்சிக்கோ" என்றேன். அவர் பெயிண்டர். கையில் வெள்ளை அப்பியிருந்தது. அந்தக் கையாலேயே கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இருக்காது" என்றார்.

"அந்த வார்த்தைய என் எதிர்ல சொல்லாத" என்று கத்தினேன். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் நான் அவரிடம் கத்தியது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினேன். வீட்டுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. கேம்ப் ரோட்டில் இறங்கினேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் எவ்வளவு நாள் என்று அந்த அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார் என்ற நினைப்பாக இருந்திருக்கலாம்.

கூட்டம் முடிந்திருந்தது. பின்பக்கம் குழாயடியில் ஆயாம்மா குந்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா."

"முடிஞ்சி பூட்ச்சி. நாளிக்கி வா."

"ஸ்கேனுக்கு வரல. செவ்வாக்கெழம வந்தேன். என்னைய ஏன் தொடச்சீங்க?"

"இன்னாது?"

"எல்லாருக்கும் கையில டிஷ்யூ கொடுத்தீங்க. என்னை மட்டும் துண்டால தொடச்சீங்க. எனக்கு அதுதான்னு நேரா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். பொண்ணு இருக்குது. ஏற்பாடு பண்ணணும்."

அவர் குழாயை மூடினார். எழுந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னது உனுக்கு இத்த?"

"எல்லாரும் சொல்றாங்க. தொடச்சா கெட்டது. டிஷ்யூ குட்த்தா ஒண்ணுமில்ல."

"எல்லாருமா?"

"பெஞ்சில உக்கார்ற அத்தினி பேரும்."

அவர் கீழே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உன் கையி ஆடிச்சி," என்றார். "பசை தடவறப்பவே பாத்தேன். கட்டில் கம்பிய புட்ச்சிகினு கெடந்த. டிஷ்யூ குட்த்தா கீய போட்டுடுவ. பசையோட பொடவ கட்டுவ. அதான் தொடச்சேன். வேற ஒண்ணுமில்ல."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கை ஆடறவங்களத்தான் தொடப்பேன். வயசானதுங்க, முடியாததுங்க. போன மாசம் ஒரு கெயவி. ஒரு பக்கம் கை வராது அதுக்கு. நான்தான் தொடச்சேன். அதுவும் இப்டியே நெனச்சிகினு பூட்டிருக்குமா?"

"தெரியல ஆயாம்மா."

"எத்தினி வருசம் இந்த வேல. எத்தினி பேரு." விரலை மடக்க ஆரம்பித்து விட்டுவிட்டார். "நான் வாயத் தொறக்கறதே இல்லமே. தெரியாதத சொல்லக் கூடாதுன்னுதான் செவுத்தப் பாத்துகினு நிக்கறேன். என் துண்டு இந்தப் பேச்சு பேசிகினு கீதா?"

எனக்கு மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தைதான். அவர் சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாது. என் துண்டுக்கும் தெரியாது. நாளிக்கி டாக்டராண்ட போ. அவுங்க சொல்றதக் கேளு."

ஒரு டம்ளரை அலம்பி, கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"இது ஸ்கேனுக்கு இல்ல. சும்மா குடி."

சனிக்கிழமை லேடி டாக்டர் கவரைப் பிரித்துப் படித்தார். கட்டி கரையவில்லை. ஏழு சென்டிமீட்டர் ஆகியிருந்தது. உள்ளே தண்ணீர் மட்டும் இல்லை, கெட்டியாகவும் கொஞ்சம் இருக்கிறது என்றார். ரத்த டெஸ்ட் எழுதினார். எடுத்துக்கொண்டு மறுபடி போனோம்; அதுவும் அளவுக்கு மேலே கொஞ்சம் இருந்தது. "கேன்சரா மேடம்?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாதான் தெரியும்."

டாக்டருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. ஏன் என்று விளக்க வராது. நாலு நாள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த நாலு நாள் நரகம். தெரியாது என்பதில் உட்கார இடம் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். வலது பக்கத்துச் சினைப்பையைக் கட்டியோடு எடுத்தார்கள். அதை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் படுத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை விடும் நேரத்துக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். வழக்கமான வார்த்தை அவர் வாய்வரை வந்தது. என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தெரியலன்னு சொல்லேன்," என்றேன்.

"தெரியல," என்றார். அப்புறம், "பயமா கீதுடி. சாரத்து மேல நின்னா காலு ஒதறுது. ரெண்டு நாளா வேலைக்கே போவல. போறேன்னு சொல்லிட்டு டேசன்ல உக்காந்துகினு இருந்தேன்."

தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அவர் கையை எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நகத்தில் பெயிண்ட் இல்லை. அப்போதுதான் கவனித்தேன்.

ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. இடது பக்கத்தை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேயும் வரலாம், வராமலும் போகலாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேம்ப் ரோடு. அதே பெஞ்ச். ஆயாம்மா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. ரிசல்ட்டைச் சொன்னேன். "செரி," என்றார். டம்ளரைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று பார்த்தேன். உள்ளேயிருந்து வருகிற ஒருத்தி கையிலும் டிஷ்யூ இல்லை. கல்யாணத்துக்கு முந்தி டெஸ்டுக்கு வந்த சின்னப் பெண் கையிலும் இல்லை. மாசமாக இருந்தவள் கையிலும் இல்லை. ஆயாம்மா தோளில் இரண்டு துண்டு கிடந்தது. உள்ளே டாக்டரம்மா சத்தம் போடுவது கேட்டது. "ஆயாம்மா, டிஷ்யூ பாக்கெட் பிரிக்காம அப்படியே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே துடைச்சா லேட் ஆகுது."

"ஆவட்டும்மா," என்றது ஆயாம்மா குரல்.

அவர் எல்லோரையும் துடைத்தார். குழாயடியில் நான் கேட்ட அன்றிலிருந்து அப்படித்தானாம்.

என் பக்கத்தில் ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும். கையில் கம்பெனி ஐடி கார்டு, கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள். நாலு டம்ளர் குடித்துவிட்டாள். ஆயாம்மா அவள் காலைப் பார்த்துவிட்டு ஐந்தாவது டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாமே, குடி. உனுக்கு பத்தாது."

ஆயாம்மா டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, அஞ்சாவது டம்ளர் கொடுத்தாங்கன்னா பிரச்சினைன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"யார் சொன்னது?"

"இங்க எல்லாரும் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாது. அடிவயிறு முட்டிக்கொண்டு இருந்தது. அவள் கை மடியில் கிடந்து ஆடியது. அதற்கெல்லாம் அர்த்தம் இல்லை என்று சொல்லலாம். ஒண்ணும் இருக்காது என்று சொல்லலாம். என் இடதுபக்கம் என்ன இருக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஆயாம்மா வெளியே வந்தார். என் பாதம் நிலைகொள்ளாமல் மாறி மாறி விழுவதைப் பார்த்தார்.

"நீ ரெடி. வா."

"இல்ல ஆயாம்மா. எனக்கும் அஞ்சாவது ஊத்துங்க."

"எதுக்கு? உனுக்குத்தான் முட்டிகினு கீதே."

"ஊத்துங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். தொடாமல் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஒரு டம்ளர் எடுத்து விளிம்புவரை ஊற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தேன். கீழே வைத்தேன்.

அந்தப் பெண் தன் டம்ளரை எடுத்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை ஆயாம்மா முன்னாலேயே நின்றார். அப்புறம் என் முதுகில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தியதும் மெதுவாகக் கேட்டார்.

"தாங்குவியா?"

"தெரியாது ஆயாம்மா," என்றேன்.

அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பசையைத் தடவிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.